துயருற்ற இல்லமும் சைவர் கடனும்

பிறந்தார் இறத்தல் உறுதி என்பதனை எல்லாச் சமயத்தாரும் உடன்படுவர். ஆயின், ஒருவர் இறந்தவழி அவர் இல்லத்து எஞ்சினார்க்கு ஏனையோர் செய்யக்கடவது யாது என்னும் வினாவின்கண் கருத்து வேறுபாடு உண்டு. சைவருள்ளும் சிலர், "அவரவர் வினையை அவரவரே நுகர்ந்து கழித்தல் வேண்டும், இடையே பொருள் கொடுத்துத் தாங்குதல் அவ்வினையைத் தடுப்பதாகும்" என்று கூறக் கேட்கின்றோம். இக்கூற்றுச் சித்தாந்தத்தோடு ஒக்குமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊரைக் கண்முன் வைத்துக்கொள்ளுதல் நலம். காரைக்காலம்மையார் தோன்றியருளிய காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்கு அணித்தாகக் கடலோரத்தில் உள்ள மீனவர் ஊர் மண்டபத்தூர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடற்பேரலை இக்கரையை அழித்தபோது உலகெங்குமிருந்து உதவி வந்தது. தொழில்மேற் சென்ற மீனவர் விபத்தில் மாண்டால், 2020-இல் தொடங்கிய மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தின்கீழ் அமைந்த காப்பீடு, பதிவு பெற்றவர் குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாய் என வரையறுத்தது. ஆனால் அவரே புற்றுநோயாலோ சிறுநீரக நோயாலோ பாயிற் கிடந்து இறப்பின், அவ்விபத்துக் காப்பீடு அவர் இல்லத்தை அணுகாது. வறுமைக்கோட்டிற்குக் கீழ்ப்பட்ட குடும்பத்தில் பொருளீட்டுவோர் 60 வயதிற்குள் இறப்பின் உதவும் தேசியக் குடும்ப நலத் திட்டம் 1995-இல் தோன்றியது. 2012 முதல் அதன் தொகை, ஒரு முறைக்கு மட்டும், 20,000 ரூபாய்.

கடலிற் சாவு ஒரு நாளில் நிகழ்வது; ஊரெல்லாம் கூடி அழுவது. நோயாற் சாவோ இல்லத்தைச் சிறிது சிறிதாகத் தின்று முடிவில் ஆளையும் கொள்வது. படகிற்குச் செல்லாத நாளில் பங்கு இல்லை. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி மருத்துவமனைக்குப் பன்முறை சென்று மீள வேண்டும். மருந்து இலவசமாகக் கிடைப்பினும் வழிச்செலவும் உடனிருப்பார் உணவும் இலவசமல்ல. நகை அடகுக்குச் செல்லும், வட்டி ஏறும். சாவு வருமுன்பே அடுப்பு அவிந்துவிடுகின்றது. இவ்வில்லத்தாரை நோக்கியோ "உம் வினையை நுகர்க" என்று கூறுவது?

இனிக் கொள்கையை நோக்குவாம். வினை சடம், தானே சென்று உயிரைப் பற்றும் அறிவு அதற்கு இல்லை. வினைப்பயனைக் கூட்டுவிப்பான் இறைவன் ஒருவனே என்பது சித்தாந்தத் துணிபு. அவன் துன்பத்தை நோய் முதலிய கருவிகளால் ஊட்டுமாறு போல, இன்பத்தையும் ஆறுதலையும் கருவிகளாலேயே ஊட்டுகின்றான். அக்கருவிகளுள் அயலார் கையும் ஒன்று. ஆதலின், உதவி பெறுதலும் பெறுவாரது பிராரத்தத்துள் அடங்கியதே அன்றி அதற்குப் புறம்பாய்ப் புகுந்த தடையன்று. பிறர் வினையின் அளவை யாதென அறியவல்லது சிற்றறிவுடைய உயிர் அன்று. அதனை அறிந்தார் போலத் தீர்ப்புக் கூறி வாளாவிருப்போர் இறைவன் தொழிலைத் தாம் மேற்கொள்ளுகின்றனர். அங்ஙனம் வாளாவிருத்தலும் ஒரு செயலே. அஃது அவர்க்கு ஆகாமியமாய் ஏறும். அன்றியும், இவ்வாதம் உண்மையாயின் தம் மகவு நோயுற்றபோது அவர் மருந்து தேடுதலும் பிழையாதல் வேண்டும். அங்கே பிழையன்று எனின் ஈண்டும் பிழையன்று என்க.

நம் பெரியபுராணம் இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. திருவாமூரிற் புகழனார் கடும்பிணியால் இறந்தார். மாதினியாரும் உடன் சென்றார். கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த திலகவதியார் தம்பியார் பொருட்டு உயிர் தாங்கினார். துயரில் வளர்ந்த அத்தம்பியாரோ தம் செல்வத்தை அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் வழங்கினார். அவரே பின்னர் நாவுக்கரசராயினார்.

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது அடியார்க்கு அமுதளிக்க இறைவன் நாவுக்கரசர்க்கும் ஞானசம்பந்தர்க்கும் அருளியது பொற்காசு. அவன் அதனை நாடோறும் அளித்தான். பஞ்சம் தீருமளவும் அளித்தான். ஞானசம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கொள்ளப்பட்டமையால் அவர் திருமடத்தில் அமுது காலந்தாழ்த்தது. அக்குறை தீர அவர் விண்ணப்பித்தார். இவ்வரலாற்றினின்றும் யாம் கொள்ளத்தக்கன மூன்று. பொருளுதவி இழிந்ததன்று, ஒரு நாளோடு முடிவது போதாது, காலந்தாழ்த்தும் குறைத்தும் கொடுப்பது நிறைந்த உதவியாகாது.

இம்மூன்றனுள் இரண்டாவதே நம்மனோர் பெரிதும் மறப்பது. இறந்த நாளில் கோடியும் மாலையும் குவிகின்றன. பதினாறாம் நாட் சடங்கிற்குப் பலர் கூடி உண்கின்றனர். அவ்விருந்திற்கும் அவ்வில்லமே கடன்படுகின்றது. பதினேழாம் நாள் வாயிலில் ஒருவரும் இலர். கடன்காரர் மட்டுமே வருகின்றனர். சடங்கைச் சுருக்கமாகவும் அன்போடும் செய்து, விருந்திற்காகும் பொருளை எஞ்சினார்க்கு வைத்தல் சைவத்திற்கு இழுக்கன்று. இக்கரையூர்களில் தலைக்கட்டு வரி தண்டி ஊர்ப்பொதுச் செயல் நடத்தும் பழைய பஞ்சாயத்து முறை உண்டு. திருவிழாவிற்குத் திரளும் அவ்வரியில் ஒரு பகுதி, நோயால் தலைவனை இழந்த இல்லத்திற்கு ஓராண்டேனும் திங்கள்தோறும் செல்லுமாயின், அடகு மீளும்; பிள்ளை பள்ளி விடான்; மீன் விற்கச் செல்லும் தாய்க்குக் கைம்முதல் கிடைக்கும்.

"கொடுத்தலால் யான் கொடுத்தேன் என்னும் முனைப்பு வளருமே" எனின், அது கொடாமைக்குக் காரணமாகாது. கொடுக்கும் முறையைத் திருத்துதற்கே காரணமாகும். சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் உணர்த்தும் இறைபணி நிற்றல் இதற்கு மருந்து. பொருளும் அவனது, கையும் அவனது என்று உணர்ந்தார்க்குப் பெயர் அறிவிக்கவேண்டுவது இல்லை. கணக்கெழுதி நன்றி எதிர்பார்த்தலும் இல்லை. பெறுவார் நாணாவண்ணம், மூத்தார் ஒருவர் வாயிலாக, அவ்வில்லத்து அம்மையார் கையிலேயே அமைதியாகச் சேர்ப்பிப்பர்.

மண்டபத்தூர்க்குத் தெற்கே அதே கரையில் நாகைப்பதியில் வாழ்ந்தவர் அதிபத்த நாயனார். வலையில் வீழ்ந்த மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று நாடோறும் கடலில் விட்டவர்; ஒரு மீனே கிடைத்த வறுமையினும் அதனையே விட்டவர். மிஞ்சியதைக் கொடுப்பது அவர் நெறியன்று. முந்தியதைக் கொடுப்பதே அவர் நெறி. துயருற்ற இல்லத்திற்கு ஒரு பங்கை முன்னரே எடுத்துவைத்தல் அந்நெறியின் வழிப்பட்டதே ஆகும். சிவனடி மறவாத அன்பர்கள் அவ்வாறு செய்து உய்க.