பூஞ்சணத்தை அழிப்பது கொலையாகுமா

பயிரைத் தாக்கும் பூஞ்சணத்தை மருந்தடித்து அழிப்பதும், தண்டைச் சுற்றிச் சாறு உறிஞ்சும் அம்மையார் கூந்தல் போன்ற ஒட்டுண்ணிக் களையை அறுத்து எரிப்பதும் கொல்லாமை என்னும் அறத்துக்கு முரணாகுமா என்பது, சைவமும் பௌத்தமும் அருகருகே வாழும் இலங்கை மலையகத்தில் விடை வேண்டி நிற்கும் கேள்வியாகும். நுவரெலியாவின் தக்காளி, உருளைக்கிழங்குப் பாத்திகளைச் சில நாட்களில் கருக்கிவிடும் பின்கருகலும், தேயிலைக் கொழுந்தைப் பற்றும் கொப்புள நோயும் குளிரும் ஈரமும் நீடிக்கும் காலத்தில் பெருகுபவை.

தொல்காப்பியத்தின் மரபியல், புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமுடைய ஓரறிவுயிர்களாக வகுப்பதால், நிலைத்திணைக்கும் உயிருண்டு என்பது தமிழருக்குப் புதிதன்று. சமணம் இல்லறத்தாரின் இம்சையை நான்காகப் பகுத்து, கொல்லும் நோக்கோடு செய்வதை முற்றாக விலக்கி, உழவு போன்ற தொழிலில் தவிர்க்கவியலாது நேர்வதை இயன்றவரை குறைக்கச் சொல்கிறது. பௌத்த விநயம் செடிகொடிகளைச் சிதைப்பதைத் துறவிகளுக்கே தடுக்கிறது. வினையின் தன்மையைச் சேதனை எனப்படும் எண்ணமே தீர்மானிக்கிறது என்பதும் அந்நெறியின் கொள்கை. இவற்றின்படி மருந்தடிக்கும் உழவர் குற்றவாளியல்லர். ஆயினும் நோய்க்கு இடங்கொடுத்த வினை யாருடையது என்னும் கடினமான கேள்வி எஞ்சுகிறது.

1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. 1880 முதல் 1882 வரை அதை இங்கு ஆராய்ந்த ஹாரி மார்ஷல் வார்ட், பூஞ்சணத்தின் வித்திகள், அதாவது விதைபோல் பரவும் நுண்துகள்கள், காற்றில் வந்து ஈர இலையில் முளைத்து இலைத்துளை வழியே நுழைவதைக் காட்டினார். காட்டை அழித்து மலை மலையாக ஒரே பயிரை நட்ட முறையே அந்தக் காற்றுக்குத் தடையில்லாத வழியைத் திறந்துவிட்டது. அவ்வாறு நட்டுப் பொருளீட்ட நினைத்தோர் தோட்ட முதலாளிகள்; கோப்பி அழிந்தபோது அவர்களுள்ளும் பலர் நொடித்தனர் எனினும், அம்முடிவில் எவ்விதப் பங்கும் இல்லாமலே பிழைப்பை இழந்தோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். செய்தவர் ஒருவரும் துய்த்தவர் வேறொருவருமான இவ்விடத்தில், துன்பத்தைத் தொழிலாளரின் முற்பிறப்பு வினை என்று சொல்லி அமைவது சைவ சித்தாந்தத்தைப் பிழையாகக் கையாள்வதாகும். வினைப்பயனை உயிர்களுக்கு ஊட்டும் அதிகாரத்தை அச்சித்தாந்தம் இறைவனுக்கே உரித்தாக்குகிறது. பிறர் துன்பத்துக்குக் கணக்கெழுதும் உரிமையை எந்த மனிதருக்கும் அது தரவில்லை.

கோப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலையிலும் அதே கேள்வி தொடர்ந்தது. 1946இல் இலங்கையில் தோன்றிய கொப்புள நோய்ப் பூஞ்சணம் உயிருள்ள இளந்தளிரில் மட்டுமே வாழவல்லது. செம்பு மருந்து இலைமேல் படலமாகப் படிந்து வித்தி முளைப்பதைத் தடுக்குமேயன்றி உட்புகுந்த நோயைத் தீர்க்காது. புதுக் கொழுந்து துளிர்த்துக்கொண்டே இருப்பதால் மழைக்காலம் முழுவதும் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது. மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து, சரிவில் ஏறி, புகாரை மூச்சோடு உள்வாங்குபவர் தொழிலாளியே. ஓரறிவுயிருக்கு நேரும் இம்சையை நுணுகி ஆராய்ந்த மரபு, ஆறறிவுடைய இவரது நுரையீரலைப் பற்றிப் பேசாதிருப்பது பெருங்குறை.

இம்சையைக் குறைக்கும் வழிகள் அறியப்படாதவை அல்ல. கவ்வாத்து வெட்டிய மலைகள் கடும் மழையில் துளிர்க்காதபடி காலம் பார்த்தல், வெயில் விழும்படி நிழல்மரக் கிளைகளைக் கழித்தல், நோய் தாங்கும் தேயிலை வகைகளை நடுதல் ஆகியவை தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் துறையைச் சேர்ந்தவை. முகமூடியும் கையுறையும் கழுவ நீரும் தோட்ட நிர்வாகம் தர வேண்டியவை. மலையகக் கோயில்களில் கொல்லாமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவோர் இவற்றையும் அறமாக எடுத்துரைக்க வேண்டும்.