வீட்டிலேயே ஓதிக்கொடுங்கள் என்று நான் சொன்னது யாருக்காக?





இன்றைய பயானை என்னுடைய ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். பல வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் இமாமாக இருந்தேன். மக்ரிபுக்குப் பிறகு நடக்கும் மக்தபுக்கு ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். ஏழு வயது, ஆட்டிசம். ஓரிடத்தில் உட்காரமாட்டான். மைக் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். நான்காம் நாள் அந்தத் தாயிடம், "உம்மா, வீட்டிலேயே வச்சு ஓதிக்கொடுங்க, அவனுக்கும் அதுதான் நல்லது" என்றேன். "சரி ஹஜ்ரத்" என்று அழைத்துப் போய்விட்டார்.

நல்ல ஆலோசனை சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன். ஆனால் அது அவனுக்காகவா, மற்ற பிள்ளைகளைச் சமாளிக்கும் என் சௌகரியத்துக்காகவா? இந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை.

தவறாக விளங்கிக்கொள்ளாதீர்கள். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது குறை அல்ல. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி, கேலிக்கு ஆளாகி, கழிப்பறைக்குக்கூட துணையில்லாமல் தவித்த பிள்ளையைப் பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவர்கள் தங்கள் அமானிதத்தைக் காப்பாற்றியவர்கள். நாட்டின் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், கடுமையான அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்பாசிரியர்கள் வீட்டுக்கே வருவதும் உண்டு. உங்கள் பகுதி வட்டார வள மையத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று, தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு. நாம் வாசலைச் சாத்திவிட்டு அதற்கு உரிமை என்று பெயர் வைக்க முடியாது.

இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். குழாய்க்கு மேலே சுவரில் வரிசையாகப் படங்கள்: கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால். உளூவின் வரிசை. அந்தப் பையன் ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டுவிட்டு அந்த உறுப்பைக் கழுவினான். கை கழுவும் முதல் படத்துக்கே மூன்று மாதம் ஆனதாம். பேரீச்சம்பழக் கொட்டைகளை வைத்து எண்ணக் கற்றிருந்தான். ருகூஃ என்றால் என்ன என்று, அந்தத் தாய் தன் கையை அவன் முதுகில் வைத்துக் காட்டிக் கொடுத்திருக்கிறார். ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் ஓதிய எனக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்க யாரும் கற்றுத்தரவில்லை. நானும் கேட்டதில்லை.

நான் பாராட்டினேன். அவர் அழுதுவிட்டார். "ஹஜ்ரத், ரெண்டு வருஷமா நான் ஒரு கல்யாணத்துக்குப் போகல. எனக்குக் காய்ச்சல் வந்தா இவனுக்குச் சோறு ஊட்ட ஆளில்ல. நான் மவுத்தாயிட்டா இவனை இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?" என்றார்.

சகோதரர்களே, இந்தக் கடைசி கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவனை ஊருக்குத் தெரியாமல் ஆக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம். புத்தியில் ஏதோ குறை இருந்த ஒரு பெண், தனக்கு ஒரு தேவை இருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். நபியவர்கள் அவரை இன்னாரின் தாயே என்று மரியாதையாக அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேசலாம் என்பதை அவரையே தேர்வு செய்யச் சொன்னார்கள். பிறகு அவருடைய தேவை முடியும்வரை கூடவே நின்றார்கள். மதீனாவின் தலைவர், எத்தனை வேலைகள் இருந்திருக்கும்! இடத்தை அந்தப் பெண் முடிவு செய்தார், நேரத்தை அவருடைய தேவை முடிவு செய்தது. அதுவும் எல்லோரும் நடமாடும் தெருவில்.

நம்மிடம் என்ன நடக்கிறது? மூத்த பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் இப்படிப்பட்ட தம்பியை மாடி அறையில் வைத்துக் கதவைச் சாத்தும் வீடுகள் உண்டு. வீட்டிலேயே படிக்கிறான் என்று வெளியில் சொல்வார்கள். உள்ளே போனால் டிவி மட்டும்தான் ஓடும். பெற்றோர் செய்த பாவத்தின் தண்டனை என்று பேசும் வாய்களும் இருக்கின்றன. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பாதிப் பேர் கதவைச் சாத்துகிறார்கள்.

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வீட்டில் தொழுதுகொள்ள அனுமதி கேட்டபோது, பாங்கு கேட்கிறதா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். கேட்கிறது என்றதும் வரச் சொன்னார்கள். அழைத்துவர ஆளில்லாத பார்வையற்றவருக்குச் சலுகை உண்டா என்பதில் இமாம்களிடையே பேச்சு இருக்கிறது, அது வேறு பாடம். நான் கவனிப்பது, அதே ஸஹாபி மஸ்ஜிதுன் நபவியில் பாங்கு சொல்பவராகவும் இருந்தார் என்பதைத்தான். நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தப் பையனை நான் மறுபடி பள்ளிவாசலுக்கு அழைத்தேன். அஸருக்கு அரை மணி நேரம் முன்பு, மைக் அணைத்திருக்கும்போது. முதல் மாதம் தூணைச் சுற்றி ஓடினான், அவ்வளவுதான். பிறகு ஹவுளில் கால் நனைத்தான். நான் அந்த ஊரை விட்டு வரும்போது ஒரு ரக்அத் அளவுக்குப் பக்கத்தில் நிற்பான்.

நம் மஹல்லாவிலும் இப்படிச் சில பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நிர்வாகிகள் சொல்கிறார்கள். வரும் சனிக்கிழமை முதல் அஸருக்கு முந்தைய அரை மணி நேரம் அவர்களுக்காகப் பள்ளி திறந்திருக்கும். மின்விசிறி ஓடும், மைக் ஓடாது. ஜும்ஆவில் வாசல் ஓரக் கடைசி ஸஃப்பை அந்தப் பிள்ளைகளின் தந்தையருக்கு விட்டுவிடுங்கள். சத்தம் வந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள்: அப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால் வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு போய் இருங்கள், அவனுடைய உம்மா கடைக்காவது போய்வரட்டும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் தொழுகைக்குப் பிறகு முஅத்தினிடம் சொல்லலாம்.