குழித்தறி

இரணியல் நிலையத்தில் வண்டி நின்று கிளம்புகிறது. இன்னும் விடியவில்லை. சத்தம் வயலைத் தாண்டி வருகிறது.

அப்பா எழுந்திருக்கிற நேரம்.

வீடு அசையவில்லை.


இந்தத் தண்டவாளம் 1979-ல் வந்தது. அதற்கு முந்தைய பட்டாள விடுமுறைகளில் அப்பா திருவனந்தபுரத்தில் இறங்குவார். டிரங்குப் பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிவிட்டு, தக்கலை வரை நின்றுகொண்டே வருவார். ரயில் ஊருக்கு வருகிறது. மறு வருஷம் அவருக்குப் பென்ஷன்.


பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கறுப்புப் பெயின்ட். மூடியில் வெள்ளை எழுத்து. பெயரில் பாதி உதிர்ந்திருக்கிறது. நம்பர் முழுசாக இருக்கிறது.

திறக்கிறேன். அந்துருண்டை வாசனை. கம்பளி மப்ளர், நான்காக மடித்தது. தொப்பியில் குத்துகிற பித்தளை யானை. பிராசோ டப்பா, அடியில் காய்ந்து போய். ஒரு கண்டு வெள்ளை நூல்.

நூல் ஏன் இங்கே.

மூடி வைக்கிறேன்.


மூச்சு வருகிறது. போகிறது. ஓட்டிலிருந்து சொட்டு விழுகிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை.


பென்ஷனுக்குப் பிறகு பகலில் தறி. ராத்திரி நாகர்கோவிலில் ஒரு பேங்க் வாசலில் காவல். முதல் பஸ்ஸில் வந்து குளிப்பார். கருப்பட்டிக் காப்பி. உடனே குழியில் காலை இறக்குவார். சாயங்காலம் சானல் பக்கத்து விளையில் பத்து மூடு தென்னைக்குத் தடம் வெட்டுவார்.

தூக்கம், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. சுவரில் சாய்ந்து. கழுத்து சரியாமல்.


தறி முன்னறையில். தரையில் வெட்டிய குழி. விளிம்பில் பலகை. பலகையில் அவர். குழிக்குள் இரண்டு மிதி. இடது மிதி அமுங்குகிறது, விழுது பிரிகிறது, பாவு இரண்டாகத் திறக்கிறது. வலது கை கயிற்றை வெட்டி இழுக்கிறது. நாடா ஓடுகிறது. இடது கை அச்சைக் கொண்டுவந்து ஊடையை அடிக்கிறது. வலது மிதி. மறுபடியும் கயிறு. நாடா திரும்புகிறது.

இழை அறுந்தால் எல்லாம் நிற்கும். குனிவார். கஞ்சி ஒட்டிய நுனியைத் தேடி எடுத்து, எச்சில் தொட்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு திருகு. முடிச்சு கண்ணுக்குத் தெரியாது. துணியைத் தடவினால் விரலுக்குத் தெரியும். அதுவும் முதல் சலவை வரைக்கும்.

கரைக்கு இழை எண்ணும்போது மட்டும் ஹிந்தி. ஏக், தோ, தீன். உதட்டுக்குள்.

பக்கத்தில் அம்மா ராட்டையில் தார் சுற்றுகிறாள். அவள் எண்ணுவதில்லை. சத்தத்தை வைத்தே தார் நிறைந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.


இரணியல் வேட்டி என்று சொல்லி வாங்கிப் போவார்கள். கல்யாணத்துக்கு, நடைக்கு, சவத்துக்கு.

அவருக்குப் போர்த்தியதும் ஊரில் நெய்ததுதான். கரையைப் பார்க்கிறேன். அவர் நெய்தது இல்லை. அவர் கரையை இன்னும் இறுக்கி அடிப்பார்.


1971 டிசம்பர், பாகிஸ்தான் போர். ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆறு. 15-ம் தேதி ராத்திரி 16 மெட்ராஸும் 3 கிரனேடியர்ஸும் ஆற்றைக் கடக்கின்றன. கரையெல்லாம் கண்ணிவெடி. 16 மெட்ராஸின் கமாண்டிங் ஆபீஸர், லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய், அந்தச் சண்டையில் இறக்கிறார். பிற்பாடு மகாவீர் சக்கரம். 17-ம் தேதி துப்பாக்கிகள் நிற்கின்றன.

புத்தகத்தில் படித்தது இவ்வளவு.

அப்பா சொன்னது: "நல்ல குளிரு மக்கா. கூட வெள்ளமும்."

கர்னலைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனுசன்." தாரை நாடாவில் பொருத்துவார். மிதி அமுங்கும். பேச்சு அதோடு சரி.


மழையில் நனைந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் அம்மா தலையைத் துவட்ட வருவாள். அப்பா காலை நீட்டச் சொல்வார். விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் துணியை விட்டு எடுப்பார். பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை. பிறகு தேங்காயெண்ணெய். செருப்புக்குள் பேப்பர் திணித்து அடுப்புப் பக்கம் சாய்த்து வைப்பார்.

தலை ஈரத்தை அவர் கேட்டதே இல்லை.


பதுங்குகுழித் தண்ணீரில் பூட்ஸைக் கழற்றாமல் நாள்கணக்கில் நின்றால் கால் வெளுக்கும். மரத்துப் போகும். பிறகு தோல் உரியும், சில நேரம் விரல் போகும். முதல் உலகப் போரில் பல்லாயிரம் பேருக்கு இது வந்தது. மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. காலைத் துடைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், காய்ந்த சாக்ஸ் போட வேண்டும். ஆபீஸர்கள் வரிசையாகச் சிப்பாய்களின் காலைப் பார்த்துப் போவார்களாம்.

வாசிக்கிறேன். கண் அடுத்த பத்திக்குப் போக மறுக்கிறது. என் கால் விரல்கள் தாமாக மடங்குகின்றன.


எடவப்பாதி மழை கனத்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். கணுக்கால் அளவு. செம்மண் கலங்கி.

வருஷத்தில் அந்தச் சில நாள் மட்டும் தறி ஓடாது. காய்ச்சலில் ஓடியிருக்கிறது. ஆச்சி செத்த பதினாறு முடிந்த மறுநாளே ஓடியிருக்கிறது. பக்கத்து வீடுகளில் எல்லாரும் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, சாக்கை விரித்து, நெய்வார்கள். சங்கத்தில் கூலி வாரக் கணக்கு. நெய்யாத வாரம் கூலி இல்லை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காலைச் சம்மணமிட்டு, வேட்டிக்குள் மூடி.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்றும் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.


அரண்மனைப் பக்கம் நடக்கிறேன். வேணாட்டு ராஜாக்கள் இருந்த இடம். இடிந்து கிடந்ததைச் சீர்செய்கிறார்கள். உள்ளே வசந்த மண்டபத்தில் ஒரு கல் கட்டில். ராஜா அதில் படுத்திருந்தாராம்.

முதுகு வலித்திருக்கும்.

இந்த எண்ணம் வருகிறது, சிரிப்பும் வருகிறது. இரண்டும் போகின்றன. வேலிப் பக்கம் ஒரு ஆடு மழைத்தண்ணீரைக் குடிக்கிறது.


ஜூலை 31. குளச்சலில் வெற்றித்தூண். 1741-ல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்த இடம். ராணுவத்தார் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். பியூகிள் ஊதுகிறது.

அப்பா சைக்கிளில் போவார். தூணுக்குப் பக்கத்தில் போகமாட்டார். ரோட்டுக்கு இந்தப் பக்கம், மீன் கூடைகளுக்கு நடுவில், விறைப்பாக நிற்பார். முடிந்ததும் சாளை வாங்கிக்கொண்டு வருவார்.

இந்த வருஷம் நான் நிற்கிறேன். வெயில் அடிக்கிறது, தூறுகிறது. பியூகிள் நிற்கிற இடத்தில் கடல் கேட்கிறது. முழங்கால் தளர்கிறது. நேராக்குகிறேன். மறுபடியும் தளர்கிறது.

சாளை வாங்கவில்லை.


ஆடி அமாவாசை. குழித்துறை ஆறு. வாவுபலிக் கூட்டம். அண்ணன் ஈர வேட்டியோடு எள்ளும் அரிசியும் இலையில் வைக்கிறான். இலை நகர்கிறது. இன்னொருவர் இலையோடு சேர்கிறது. எது யாருடையது என்று இனி ஆற்றுக்கும் தெரியாது.

கரையேறிச் செடிச் சந்தைக்குள் போகிறோம். பலி போட்ட கையோடு ஒரு மரக்கன்று வாங்குவது பழக்கம். அண்ணன் அயனிச்சக்கைக் கன்று ஒன்றைத் தூக்கிப் பார்க்கிறான். விலை கேட்கிறான். வைத்துவிடுகிறான். மறுபடியும் தூக்குகிறான்.


ஒரு ஆபீஸ். வரிசை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். குடும்பப் பென்ஷன் காகிதங்கள் மடியில். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்கு.

சர்வீஸ் புத்தகத்தில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. வெலிங்டன் ரெக்கார்ட்ஸுக்கு எழுத வேண்டும் என்கிறார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். நிமிராமல்.

அம்மா இரண்டு பெயரையும் பார்க்கிறாள்.

"ரெண்டும் நான் தான்" என்கிறாள்.

மின்விசிறி சுற்றுகிறது. காகித ஓரம் எழும்புகிறது. அம்மா விரலால் அமுக்குகிறாள்.


ராத்திரி. டார்ச் அடித்துக் குழியைப் பார்க்கிறேன். தண்ணீர் ஊறியிருக்கிறது. மிதி இரண்டும் மிதக்கின்றன, கயிறு விட்டுப் போகாமல்.

விளிம்பில் உட்காருகிறேன். காலை இறக்குகிறேன். சில்லிப்பு கணுக்காலைச் சுற்றி ஏறுகிறது. ஒரு நிமிஷம். இன்னொன்று. விரல்கள் இருக்கிற உணர்வு மெல்லக் குறைகிறது.

எழுந்து துடைக்கிறேன். பெருவிரலில் தொடங்கி.


கொத்தனார் வந்திருக்கிறார். டேப்பைக் குழிக்குள் விடுகிறார். பலகையைத் தட்டிப் பார்க்கிறார், நல்ல பிலா என்கிறார். மண் நிரப்பி மேலே டைல்ஸ் போட்டால் ஒரு கட்டில் போடலாம் என்கிறார். எத்தனை சட்டி மண் என்று விரல் மடக்குகிறார்.

தறி மரத்தை யாராவது கேட்டார்களா என்று அண்ணன் கேட்கிறான். கேட்டார்கள் என்கிறாள் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

கொத்தனாருக்குக் காப்பி வருகிறது. எப்போது தொடங்கலாம் என்கிறார்.

"மழ கழியட்டு."

எந்த மழை என்கிறார் கொத்தனார். இது முடிந்தால் ஐப்பசியில் அடுத்தது வருமே.

அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள்.