‘இல்லை’ என்பதற்குப் பிரமாணம் யாது?

ஒரு பொருள் உண்டு என்று கூறுகிறவனிடம் சான்று கேட்பது உலக வழக்கம். இல்லை என்று கூறுகிறவனும் சான்று காட்டக் கடமைப்பட்டவனே என்பதை நம் நாட்டுத் தருக்க நூலார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து, அதற்கென நூல்களில் தனி இடமும் ஒதுக்கினார்கள். கடவுளைப் பற்றிய இன்றைய வாதங்களிலோ இரு தரப்பாருமே அந்த நியதியை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். அது இன்னும் உயிரோடு வழங்கும் இடம் ஒன்றைக் காட்டு என்றால், திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பழைய கார்களுக்கு வயரிங் வேலை செய்யும் சிறு பட்டறைகளை நான் காட்டுவேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டு, விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மீதே வெள்ளம் ஓடியது. இத்தகைய வெள்ளத்தில் நனைந்த வண்டிகளில், நீர் வடிந்து, இருக்கைகள் காய்ந்து, எஞ்சினும் பழுதின்றி ஓடத் தொடங்கிய பிறகு, வண்டிக்காரர் மறந்தே போயிருந்த ஒரு நோய் மெள்ளத் தலைகாட்டும்: கதவைத் திறந்தால் எரிய வேண்டிய கூரை விளக்கு எரியாது. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளுக்கு இது மழையில்லாத காலத்திலும் வருகிற நோய்தான்.

அவ்விளக்கின் அமைப்பு எளியது. பழைய கார்கள் பலவற்றில், பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் ஃபியூஸைக் கடந்து, சாவி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், இரவும் பகலும் பல்பின் ஒரு முனையில் வந்து காத்திருக்கிறது. அது திரும்பிச் செல்லும் வழியோ, கதவுத் தூணில் பதித்த ஒரு குமிழ் சுவிட்சின் வாயிலாக, தொழிலாளர் ‘எர்த்’ என்று சொல்லும் வண்டியின் இரும்பு உடம்பில் இறங்குகிறது. கதவு மூடியிருக்கையில் குமிழ் அழுந்தி வழி அடைபடுகிறது. திறந்ததும் குமிழ் வெளியே வந்து வழி கூடுகிறது.

இதைச் சீர்செய்ய வருகிற கைதேர்ந்த எலக்ட்ரீஷியனின் முதற்செய்கை நம் கவனத்துக்கு உரியது. 12 வோல்ட் பல்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு வயர்கள், ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதன் நுனியில் கூரிய ஊசி, இவ்வளவே அவருடைய டெஸ்ட் லாம்ப். அதை எடுத்துக்கொண்டு அவர் நேரே கூரை விளக்கிடம் போவதில்லை. பானெட்டைத் திறந்து, பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்து, அந்த லாம்ப் எரிகிறதா என்று பார்க்கிறார். எரிந்த பிறகே கிளிப்பை வண்டியின் உடம்பில் மாட்டுகிறார். மாட்டுமிடத்தில் பெயிண்டோ துருவோ இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பின்பே மாட்டுகிறார். அதன்பின் ஊசி ஃபியூஸின் இரு புறங்களையும் தொடுகிறது. பிறகு பல்பின் முதல் முனையைத் தொடுகிறது, பிரகாசமாக எரிகிறது. மறு முனையைத் தொடுகிறது, மங்கலாக எரிகிறது. மின்சாரம் பல்பின் இழையைக் கடந்து வந்து, அப்பால் போக வழியின்றி நிற்கிறது என்பதற்கு அந்த மங்கல் ஒளியே சாட்சி. பல்பின் மேல் குற்றமில்லை என்று அவர் அப்போதே நிர்ணயித்துவிடுகிறார். கதவுத் தூணிலிருந்து சுவிட்சைக் கழற்றினால், அதன் முதுகிலுள்ள செம்புத் தகட்டில் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கிறது. அதை உடம்போடு பிணைத்த திருகாணி துருவேறியிருக்கிறது.

இனி, இந்த ஆராய்ச்சியின் நடுவே ஓரிடத்தில் ஊசி வைத்தும் லாம்ப் எரியாதிருந்தால், “இங்கே கரண்ட் இல்லை” என்று அவர் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்ல அவருக்கு என்ன உரிமை? அவர் கண்டது லாம்ப் எரியாமையை மட்டுமே. லாம்ப் எரியாமைக்கு, மின்சாரம் இல்லாமையே அன்றி, லாம்பின் இழை அறுந்திருப்பதும் கிளிப் துருவின் மேல் இருப்பதும் காரணமாகலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தை முன்கூட்டியே பாட்டரியிடம் தீர்த்துக்கொண்டதனாலேயே அவருடைய ‘இல்லை’ பிரமாணமாகிறது. ‘இருந்தால் காட்டியிருக்கும், காட்டவில்லை, ஆகவே இல்லை’ என்னும் மூன்று படிகளில், முதற்படியை அவர் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டார்.

ஏழாம் நூற்றாண்டில் குமாரில பட்டர் இதையே அநுபலப்தி என்னும் தனிப் பிரமாணமாக நிலைநாட்டினார். நியாய நெறியினராகிய நையாயிகர் அது பிரத்தியட்சமாகிய நேர்க்காட்சியிலேயே அடங்கும் என்றார்கள். பௌத்தராகிய தர்மகீர்த்தி அது அநுமானத்தின் ஒரு வகை என்றார். எந்தப் பெட்டியில் வைப்பது என்பதில் இத்தனை பூசல் இருந்தபோதிலும், வெறும் காணாமை இன்மையை நிரூபிக்காது, காணத் தக்க பொருளைக் காணத் தக்க சாதனத்தால் தேடியும் காணாமையே நிரூபிக்கும் என்பதில் அவர்களிடையே பெரிய பேதமில்லை. இந்த யோக்கியதை என்னும் நிபந்தனையை நான் இந்தியத் தருக்கத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகக் கருதுகிறேன். தமிழிலும் மணிமேகலை தன் 27ஆம் காதையில் அளவைகளைச் சொல்லி, அவற்றைக் கெடுக்கும் குற்றங்கள் எட்டையும் சொல்லுகிறது. அவற்றுள் ‘தேராது தெளிதல்’ என்பது, லாம்பைச் சோதியாமலே பல்பை மாற்றச் சொல்லும் அரைகுறை வேலைக்காரனை நேரில் கண்டு எழுதியது போலவே இருக்கிறது.

கடவுளைக் காணவில்லை, ஆகவே அவர் இல்லை என்னும் வாதத்துக்கு, பத்தாம் நூற்றாண்டை ஒட்டி மிதிலையில் வாழ்ந்த உதயனாசாரியர் நியாய குசுமாஞ்சலியில் இந்த நிபந்தனையைக் கொண்டே விடை கூறினார். காணாமை ஒன்றே இன்மைக்குச் சான்றாகுமானால், வீட்டை விட்டு வெளியே வந்த, கண்டதையே நம்பும் சார்வாகன், கண்ணுக்கு மறைந்த மனைவி மக்களை இறந்தவர்களாக எண்ணி அழ வேண்டியதுதானே என்று கேட்டார். புலன்களுக்கு எட்டும் தகுதியே இல்லாத ஒரு பொருளைப் புலன்கள் காணாதது அதன் இன்மையைக் காட்டாது என்பது அவர் முடிவு. வாதம் பிழையற்றது. ஆயினும் அது மட்டும் எனக்குத் திருப்தி தரவில்லை. ஏனெனில், எந்தச் சாதனமும் எட்டாத பொருள் என்று சொல்லிவிட்டால், எவனுடைய எந்தக் கற்பனையும் அந்த மதிலுக்குப் பின்னே பத்திரமாக ஒளிந்துகொள்ளலாம். உதயனரும் அங்கே நின்றுவிடாமல் ஈசுவரனுக்கு அநுமானங்களை மேலும் அடுக்கியதற்கு இதுவே காரணமாதல் வேண்டும்.

இந்த இடத்தில்தான், அரசூரிலிருந்து சிறு தொலைவில் உள்ள திருவெண்ணெய்நல்லூரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், ஒரு படி துணிந்து செல்கிறார். சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் ஆறாவது, நாத்திகன் சொல்வதில் பாதியை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறது. உயிர் தன் சுட்டறிவால் பற்றி அறியும் பொருளெல்லாம் மாறி அழியும் அசத்து. எவ்வாற்றானும் அறியப்படாதது எனின் அது இல்பொருள். இவ்விரண்டும் அல்லாததே சிவசத்து என்பது அதன் கருத்து. எவராலும், எக்காலத்திலும், எந்த வழியிலும் அறியப்படாத கடவுள், இல்லாத கடவுளே என்று ஒரு சைவப் பேராசிரியர் சொன்னார் என்பதை நம் ஆத்திகர்கள் எத்தனை பேர் நின்று நினைத்திருப்பார்கள்! இதனால் சுமை நம்பிக்கையுள்ளவர் தோள்களுக்கு மாறிவிடுகிறது: எந்தச் சாதனத்தால் அறிகிறாய் என்பதை அவர் சொல்லியாக வேண்டும்.

அவர் எளிதில் சொல்லும் ‘உண்டு’ பெரும்பாலும் சோதனைக்கு நில்லாது. டிஜிட்டல் மீட்டரை வைத்துப் பார்ப்பவர்கள் அறிவார்கள், களிம்பேறி ஓர் இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். ஏனெனில் அது உறிஞ்சும் மின்சாரம் அற்பம். பல்பின் பாரத்தை ஏற்றியவுடன் அந்த 12 வோல்ட் காணாமற்போகும். வேண்டுதல் பலித்தது, பரீட்சை தேறியது, ஆகவே அருள் உண்டு என்பவருடைய நிச்சயமும் பாரம் ஏறாத நிச்சயமே. பிள்ளையைப் பறிகொடுத்த அன்று அது என்ன காட்டுகிறது என்று பார்த்த பின்பே அதற்கு மதிப்புச் சொல்ல முடியும். அந்த நாளில் ‘உண்டு’ என்று சொல்ல இயலாமற்போனவரிடம் எனக்குக் குறைந்த மரியாதை இல்லை. அவர் மீட்டரை நம்பாமல் பாரத்தை ஏற்றிப் பார்த்தவர்.

ஆயின் சாதனத்தையே சோதிக்க, உயிர்ப்புள்ளது என்று வேறு வழியால் அறியப்பட்ட ஒரு பாட்டரி வேண்டுமே, அறிவு தன்னைச் சோதித்துக்கொள்ள எங்கே போகும்? சைவ சித்தாந்தம் இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னை மறைப்பதில்லை, உயிரின் மூல அழுக்காகிய ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைக்கிறது என்று உமாபதி சிவம் நுட்பமாகக் கூறியிருக்கிறார். செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியே இருப்பது என்று சித்தாந்திகள் சொல்லும் அதனைத் தானே தேடுகிறவன், பழுதான லாம்பைக் கொண்டே பழுதைத் தேடுகிறான். ஆகவே குருவும் அருளும் வேண்டும் என்பது அவர்கள் விடை; இறைவன் பொருளைக் காட்டுவதோடு நில்லாமல், உயிரோடு உடனின்று தானும் கண்டு காணச் செய்கிறான் என்பதனால், சாதனமும் அவன் துணையின்றித் தொழிற்படாது என்பது அவர்கள் துணிபு.

இதற்குச் சைவ மரபு கூறும் வரலாறு அதே திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்தது. சகலாகம பண்டிதர் என்று புகழ்பெற்றிருந்த திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார், ஒரு சிறுவன் ஞானம் உபதேசிப்பதைக் கேள்வியுற்றுப் பொறாதவராய் வந்து, ஆணவமலத்தின் சொரூபம் யாது என்று வினவினார். மெய்கண்டார் வாய் திறவாமல், அவர் நின்ற நிலையே விடை என்பது போல, அவரை அடிமுதல் முடிவரை உற்று நோக்கினார். பண்டிதர் அக்கணமே விழுந்து வணங்கி மாணாக்கரானார். பிற்பாடு அவர் இயற்றிய சிவஞான சித்தியாரில், தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்தில், பொருளைப் பேசுமுன் அளவையையே முகப்பில் வைத்து, இன்மையை அறியும் அபாவமும் ஒழிபும் உட்படப் பத்து அளவைகளை எண்ணி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் காட்டினார். பிறர் கொள்கைகளை மறுக்கும் பரபக்கத்திலோ, பிற மதத்தார் அனைவருக்கும் முன்னதாக, கண்ணால் காணாததை ஒப்பாத உலகாயதனை அழைத்து, அவன் கட்சியை அவன் வாயாலேயே முழுவதும் சொல்ல இடம் கொடுத்த பின்னரே மறுக்கத் தொடங்கினார்.