பெயரற்ற எலும்புகளும் நாம் சுமத்தும் பழியும்

இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. ஆகவே அவரைப் பற்றி எதையும் சொல்லிவிடலாம் என்னும் துணிவு உயிரோடிருப்பவர்க்கு எளிதாக வந்துவிடுகிறது. இத்துணிவு நியாயமானதுதானா என்று எண்ணிப் பார்க்க, இமயமலையின் ரூப்குண்டு ஏரியைப் போல் நம்மைத் தூண்டும் இடம் வேறொன்று இருப்பது அரிது.

உத்தரகாண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், திரிசூல் மலையின் சரிவில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள சிறிய நீர்நிலை அது. ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும். 1942ஆம் ஆண்டில் வனத்துறை அலுவலர் ஒருவர் அங்கே மனித எலும்புகள் குவியல் குவியலாகச் சிதறிக் கிடக்கக் கண்டார். சில நூறு பேருடையவை அவை என மதிப்பிடப்படுகிறது. சுற்றுமுற்றும் ஊரில்லை, விளைநிலமில்லை, வணிகர் செல்லும் வழியுமன்று. இத்தனை மாந்தர் அங்கே ஏன் சென்றனர்? எவ்வாறு மாண்டனர்?

விடைகள் உடனே வந்து குவிந்தன. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தமையால், ஊடுருவிய ஜப்பானியப் படையினராக இருக்கலாமோ என்று முதலில் அஞ்சினர். 1841இல் திபெத்தின்மீது படையெடுத்த ஜோராவர் சிங்கின் வீரர்கள் என்றனர் சிலர். முகம்மது பின் துக்ளக் இமயத்துக்கு அனுப்பிய சேனையே இது என்றனர் வேறு சிலர். அச்சேனை மழையாலும் நோயாலும் மலைவாசிகள் உருட்டிவிட்ட பாறைகளாலும் அழிந்ததை இப்னு பதூதா தம் பயண நூலில் விவரித்திருக்கிறார். ஆதலால் அந்த ஊகத்துக்கு வரலாற்று மணமும் வாய்த்திருந்தது.

மலைநாட்டு மக்களிடையே வழங்கும் கதையோ வேறு. கன்னோசி மன்னன் ஜஸ்தவல் தன் அரசியோடும் பரிவாரத்தோடும் நந்தாதேவிக்கு யாத்திரை சென்றானாம். ஆடல் மகளிரையும் உடன் அழைத்துச் சென்று புனிதத் தலத்தின் தூய்மையைக் கெடுத்தானாம். சினங்கொண்ட தேவி இரும்பொத்த ஆலங்கட்டிகளைப் பொழிந்து அனைவரையும் மாய்த்தாளாம்.

இக்கதையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் 2004இல் அங்குச் சென்ற ஆய்வுக் குழுவினர், சில மண்டையோடுகளில் மேலிருந்து விழுந்த உருண்டையான பொருள் தாக்கியது போன்ற பிளவுகளைக் கண்டு, பெருங்கல்மழையே காரணமாகலாம் என்றனர். எப்படி இறந்தனர் என்பதில் நாட்டார் கதை உண்மையைத் தொட்டிருக்கக் கூடும். ஏன் இறந்தனர் என்பதில் அது செய்திருப்பது வேறு காரியம். தற்காத்துக்கொள்ள இயலாதவர்மீது ஒரு குற்றத்தைச் சாற்றித் தண்டனையும் விதித்துவிட்டது. கல்மழை பெய்தது என்பது செய்தி. பாவத்துக்காகப் பெய்தது என்பது தீர்ப்பு. இவ்விரண்டுக்குமிடையே உள்ள தொலைவு அந்த மலையைவிடப் பெரிது.

2019ஆம் ஆண்டில் மரபணு ஆய்வின் முடிவு வெளியானது. ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்களும் பிறநாட்டவரும் சேர்ந்து 38 பேரின் எலும்புகளைச் சோதித்தனர். 23 பேர் தெற்காசியர், கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையே, அதுவும் ஒரே நாளிலன்றிப் பல்வேறு காலங்களில் மாண்டவர்கள். 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியினர்; இன்றைய கிரேக்க நாட்டினருக்கும் கிரீட் தீவினருக்கும் நெருங்கியவர்கள். இவர்களின் காலமோ கி.பி. 1800ஐ ஒட்டியது! எஞ்சிய ஒருவர் தென்கிழக்காசியர். ஆண்களும் பெண்களும் கலந்திருந்தனர். கொள்ளைநோயின் அடையாளம் ஏதும் எலும்புகளில் அகப்படவில்லை.

ஒரு மன்னன், ஒரு பாவம், ஒரு புயல் என்று கட்டிய கதை முழுமைக்கும் பொருந்தாமற் போயிற்று. துக்ளக்கின் சேனையும் போயிற்று. ஒரு கூட்டத்தார் அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். மறு கூட்டத்தார் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். அவ்வெலும்புகளை 'நம்மவர்' என்று உரிமை கொண்டாடவோ, 'படையெடுத்தவர் பட்டனர்' என்று மகிழவோ எவருக்கும் இடமில்லை.

பழி சுமத்தும் இப்பழக்கம் மலைவாசிகளுக்கு மட்டும் உரியதன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஆச்சே முதல் நாகூர்க் கரைவரை உயிர்களை வாரிச் சென்றபோது, மாண்டவர் செய்த பாவமே காரணம் என்ற பேச்சு நம்மவர் நாவிலும் எழுந்தது. சொன்னவர்கள் பக்திமான்கள் என்பதுதான் வேதனை. நீரில் மூழ்கி இறந்தவரையும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும், கொள்ளைநோயில் இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் வைத்துப் பேசுவது நபிமொழி. அதை ஓதியவர்களே அவ்வாறு பேசினர்.

திருமறையின் அல் கஹ்ஃபு அத்தியாயத்தில் குகைவாசிகளின் வரலாறு வருகிறது. அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் ஆளுக்கோர் எண்ணைச் சொல்லித் தர்க்கிப்பதையும் எடுத்துக்காட்டி, அதனை நன்கறிந்தவன் இறைவனே என்று கூறி, அவ்வாதத்தில் ஆழ்ந்துவிட வேண்டாமென்றும் திருமறை அறிவுறுத்துகிறது. எண்ணிக்கையிலேயே இத்துணை அடக்கம் வேண்டுமென்றால், முன்பின் அறியாதவர்களின் உள்ளத்தையும் பாவத்தையும் பற்றி எத்துணை அடக்கம் வேண்டும்! இதனை ஆராய்ச்சிக்கு இடப்பட்ட தடையாகக் கொள்வோர் உளர். நான் அவ்வாறு கொள்ளவில்லை. அந்த 14 பேரைக் கல்மழைக் கதையிலிருந்து விடுவித்தது ஆராய்ச்சியே.

ஆனால் மலையேறச் சென்றவர்கள் அவ்வெலும்புகளை நினைவுப் பொருள்களாக எடுத்துச் சென்றிருக்கிறார்களே, அதை என்னென்பது? மையித்தின் எலும்பை முறிப்பதை உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு நிகராக எண்ணுவது நம் மார்க்கம். பெயர் தெரியாது என்பதால் அந்தக் கண்ணியம் குறைந்துவிடாது.

1800ஐ ஒட்டிய காலத்தில் கிரீட் தீவு உதுமானியரின் ஆட்சியில் இருந்தது. அங்கே முஸ்லிம்களும் கிறித்தவர்களும் வாழ்ந்தனர். அந்த 14 பேர் அத்தீவினரா, அவர்களுள் கலிமாச் சொன்னவர் உண்டா என்பதை மரபணு சொல்லாது. இத்தகைய நிலையை நம் ஃபிக்ஹு நூல்கள் அறியாமலில்லை. முஸ்லிம்களின் உடல்களும் பிறருடைய உடல்களும் பிரித்தறிய இயலாதவாறு கலந்து கிடந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஷாஃபிஈ மத்ஹபில் தெளிவான விடை உண்டு. நிய்யத்தில் முஸ்லிம்களைக் கருதித் தொழவேண்டும். ஆனால் குளிப்பாட்டுவதும் கஃபனிடுவதும் அத்தனை பேருக்குமே.