பெயர் சொல்லிப் படித்த கணக்கு

ராஜஸ்தானில், அன்றைய பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்று ஓர் ஊர். 1994 டிசம்பர் 2 அன்று அங்கே ஊர்க்கூட்டம் ஒன்று நடந்தது. பஞ்சாயத்து வேலைகளின் செலவுக் கணக்கை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தார்கள். கூரையோ கதவோ இல்லாமல் நின்ற ஒரு கட்டடத்துக்கு வேலை முடிந்துவிட்டதாகக் காகிதம் இருந்தது. இதைத் தொடர்ந்து பல ஊர்களில் இப்படிப்பட்ட கூட்டங்கள் நடந்தன. மஸ்டர் ரோல் என்கிற வருகை, கூலிப் பதிவேட்டை எடுத்து, இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று பெயர் பெயராகப் படிப்பார்கள். நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்று ஒருவர் எழுந்து சொல்வார். செத்துப்போனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருக்கும்.

இந்தக் கூட்டங்களை நடத்தியது மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு விலகிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராம மக்களோடு சேர்ந்து 1990 மே 1 அன்று அதைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலி கிடைக்காதவர்கள் காரணம் கேட்டபோது, நீங்கள் சரியாக வேலை செய்யவில்லை என்ற பதில்தான் வந்தது. செய்த வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது ரகசியம் என்றார்கள். உழைத்தவருக்கே அவருடைய உழைப்பின் கணக்கு ரகசியம் என்பதைவிடப் பெரிய அவமதிப்பு எனக்குத் தெரியவில்லை.

கணக்குக் கேட்பது நம்மிடம் ஒரு மரியாதைக் குறைவாகவே பார்க்கப்படுகிறது. கோயில் திருவிழா வசூலானாலும் சங்கத்துச் சந்தாவானாலும், கேட்டவரைப் பார்த்து ‘அப்ப நான் எடுத்துட்டேன்னு சொல்றியா?’ என்று ஒரு கேள்வி வந்துவிடும். கேட்டவர் தலை குனிந்துகொள்வார். இந்தக் கூச்சம் நேர்மையானவருக்கும் கேடு செய்கிறது. ஒழுங்காகச் செலவழித்தவர் அதை நிரூபிக்கும் வாய்ப்பில்லாமல் கடைசிவரை சந்தேகத்தின் நிழலிலேயே இருக்க வேண்டியதாகிறது.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அந்த அமைப்பின் முழுநேர ஊழியர்கள் தங்களுக்கென்று குறைந்தபட்சக் கூலியளவே எடுத்துக்கொண்டார்கள். பிறர் ஊதியத்தைப் பற்றிப் பேசும் தகுதி அங்கிருந்து வருகிறது. தன் வரவு செலவைப் பூட்டிவைத்துக்கொண்டு அரசைக் கேள்வி கேட்கும் தொண்டு நிறுவனத்தை நான் நம்ப மாட்டேன். பத்திரிகைக்கும் இது பொருந்தும். ஓர் அதிகாரியின் சம்பளத்தைத் தலைப்பில் போட்டுவிட்டு, அவர் பார்க்கும் வேலை என்ன, அவர் தரப்பு என்ன என்று விசாரிக்காமல் விடுவது அநியாயம்.

1996-இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில், கணக்கைப் பார்க்கும் உரிமை கேட்டு அந்த அமைப்பு 40 நாள் தர்ணா நடத்தியது. ‘நம் பணம், நம் கணக்கு’ என்பது அவர்கள் முழக்கம். ‘ஜன்சத்தா’ நாளிதழின் ஆசிரியராக இருந்த பிரபாஷ் ஜோஷி போன்றவர்கள் அந்தக் கோரிக்கைக்குத் துணை நின்றார்கள். நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலிருந்த இந்தியப் பத்திரிகை கவுன்சில் தகவல் உரிமைக்கான சட்ட வரைவு ஒன்றையும் தயாரித்தது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒவ்வோர் அலுவலரும் ஊழியரும் வாங்கும் மாத ஊதியத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. மற்ற விவரங்களுக்கு மத்திய அரசு அலுவலகங்களில் 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தத் தகவல் உரிமையில் கை வைத்திருக்கிறது. தனிநபர் தகவல் என்று சொல்லி ஒரு விவரத்தை மறுப்பது இனி முன்பைவிட எளிது. கூலிப் பட்டியலில் இருக்கும் பெயரும் தனிநபர் தகவல்தானே? பெயர் போய்விட்டால், அது நானில்லை என்று மறுத்துச் சொல்ல ஆளில்லாமல் போகும். ஏழையின் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லி அவர் கூலியைத் திருடியவரைக் காப்பது நீதியாகாது.

தனியாளாய்க் கேட்பதில் உயிராபத்தும் உண்டு. கிர் காட்டையொட்டி நடந்த சட்டவிரோதச் சுரங்க வேலைகளைத் தகவல் மனுக்களால் வெளிக்கொணர்ந்த அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2019-இல் கீழ் நீதிமன்றம் ஏழு பேருக்குத் தண்டனை விதித்தது. 2024-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நம் ஊரில் ஒருவர் மனுப் போட்டிருக்கிறார் என்று தெரியவந்தால், பதில் வாங்க அவர் அலுவலகத்துக்குப் போகும் நாளில் நாலு பேராவது கூடப் போவோம்.