சந்திரனின் பிறப்பும் அறிவின் நேர்மையும்

பிறை பார்த்து மாதத்தைத் தொடங்குபவர்கள் நாம். நம் நோன்பும் பெருநாளும் சந்திரனின் கணக்கிலேயே அமைகின்றன. அந்தச் சந்திரன் எவ்வாறு தோன்றியது என்று நம் பிள்ளைகள் வினவினால் என்ன விடை கூறுவோம்? நூறாண்டுகளுக்கு முன் விஞ்ஞானிகள் கூறிய விடை ஒன்று. இன்று கூறும் விடை வேறொன்று. "நாளுக்கொரு பேச்சுப் பேசும் விஞ்ஞானத்தை எவ்வாறு நம்புவது?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இக்கேள்வி உண்மையை நாடும் மனிதனின் ஒழுக்கத்தைப் பற்றியது. ஆகவே இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சார்லஸ் டார்வினின் புதல்வர் ஜார்ஜ் டார்வின் ஒரு கணித அறிஞர். கடலின் ஏற்றவற்றம் பூமியின் சுழற்சியைத் தளர்த்துகிறது என்றும், அதனால் சந்திரன் மெல்ல விலகிச் செல்கிறது என்றும் அவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் கணக்கிட்டார். விலகிச் செல்லும் பொருள் முன்னர் அருகில் இருந்திருக்க வேண்டுமல்லவா? உருகிய குழம்பாய் வேகமாகச் சுழன்ற பூமியிலிருந்து பிய்ந்து சென்ற துண்டே சந்திரன் என அவர் முடிவு செய்தார். 1882-இல் ஆஸ்மண்ட் ஃபிஷர் என்பார், பசிபிக் பெருங்கடலே அந்த வடு என்றார்.

பூமியும் சந்திரனும் ஒரே இடத்தில் ஒருங்கே திரண்டவை என்றார் பிரெஞ்சு அறிஞர் எட்வார்ட் ரோஷ். எங்கோ பிறந்து திரிந்த சந்திரனைப் பூமி தன் ஈர்ப்பால் பிடித்துக்கொண்டது என்று 1909-இல் அமெரிக்கரான தாமஸ் சீ கூறினார். நோபல் பரிசு பெற்ற ஹெரால்டு யூரேயும் பிற்காலத்தில் இப்பக்கமே சாய்ந்தார். ஒருபோதும் உருகாத குளிர்ந்த ஆதிப்பொருள் சந்திரன் என்பது அவர் எண்ணம்.

1969 முதல் 1972 வரை ஆறு அப்போலோ பயணங்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தன. அக்கற்கள் எவருக்கும் தாட்சண்யம் காட்டவில்லை. சந்திரனின் மேற்பரப்பு ஒரு காலத்தில் பாறைக் குழம்பாய்க் கொதித்தது என்பதை அவை காட்டின. குளிர்ந்த சந்திரன் என்ற எண்ணம் நிற்கவில்லை. பிராணவாயுவின் மூவகை அணுக்கள் அவற்றில் கலந்துள்ள விகிதம் பூமியில் உள்ளதை ஒத்திருந்தது. எங்கிருந்தோ வந்த அந்நியன் என்ற கொள்கை தளர்ந்தது. பூமியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் இரும்புக் கரு. சந்திரனுக்கோ மிகச் சிறிய கருவே உண்டு. ஒருங்கே திரண்டவை என்றால் இவ்வேறுபாடு ஏன்? பசிபிக்கின் தரையோ இருபது கோடி ஆண்டு வயதுக்குட்பட்டது. சந்திரனின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள்.

1975-இல் ஹார்ட்மன், டேவிஸ் ஆகிய இருவரும், 1976-இல் கேமரன், வார்டு ஆகிய இருவரும் புதியதொரு விடையை முன்வைத்தனர். ஏறத்தாழ செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியின்மீது மோதியது. இரும்பு பெரும்பாலும் பூமியிலேயே தங்கியது. தெறித்த பாறைப்பொருள் திரண்டு சந்திரனாயிற்று. 1984-இல் ஹவாய்த் தீவில் நடந்த மாநாட்டுக்குப் பின் இக்கொள்கையே மேலோங்கியது. ஆயினும் இதற்கும் ஓர் இடர் உண்டு. தெறித்த பொருளில் பெரும்பங்கு மோதிய கோளுடையது என்றே தொடக்கக் கணிப்பொறிக் கணக்குகள் கூறின. அவ்வாறாயின் சந்திரக் கற்கள் பூமியை ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன? 2012 முதல் வந்த புதிய கணக்குகள் இம்முடிச்சை அவிழ்க்க முயல்கின்றன. 2024-இல் சீனாவின் கலம் சந்திரனின் மறுபுறத்திலிருந்தும் மண் கொண்டுவந்துள்ளது. விசாரணை முடியவில்லை.

இவ்வரலாற்றைக் கண்டு, "எல்லாம் வெறும் ஊகம்" என்பது நீதியாகுமா? ஜார்ஜ் டார்வினின் கொள்கை வீழ்ந்தது. சந்திரன் விலகுகிறது என்ற அவர் கணக்கோ வீழவில்லை. அப்போலோ வீரர்கள் வைத்துவந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்தபோது, சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் அகல்வது உறுதியாயிற்று. விளக்கங்கள் மாறலாம், ஒழுங்காகப் பெற்ற அளவுகள் அடுத்த தலைமுறைக்கு முதலாகின்றன.

இப்பண்பு நமக்குப் புதியதன்று. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சந்திர ஒளியைப் பற்றித் தனி நூல் எழுதினார். உலகமே ஆசானாக ஏற்றிருந்த தாலமியின் முரண்பாடுகளை எடுத்துக்காட்டவும் ஒரு நூல் செய்தார். தாலமியை இகழ்வது அவர் நோக்கமன்று. பெரியவர் சொன்னார் என்பதே ஒரு கூற்றை மெய்யாக்கிவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். சந்திரனில் ஒரு பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம்மில் சிலர், புதிய கொள்கை ஒன்று வந்தவுடன் அது நம் வேதத்தில் முன்பே உள்ளது என்று முழங்குகின்றனர். அன்பினால் செய்வதே எனினும் இது ஆபத்தானது. நாளை அக்கொள்கை திருத்தப்படுமாயின், இறைவாக்கின் பொருளையும் இவர்கள் திருத்துவார்களா? நிலைத்ததை நிலையற்றதன் தோளில் ஏற்றுவது மரியாதையாகாது. வேறு சிலர், கொள்கை மாறுவதைக் காட்டிக் கல்வியையே எள்ளுகின்றனர். இருவருமே சாட்சியை முழுமையாகக் கேட்கும் பொறுமை அற்றவர்கள்.

பிறை கண்டதாகக் கூறுபவரிடம் எப்போது, எத்திசையில், எவ்வாறு கண்டீர் என்று கேட்கிறோம். கண்டதைக் கண்டதாகவும், காணாததைக் காணாததாகவும் சொல்பவரையே நம்புகிறோம். அறிவுத்துறையிலும் அந்த அளவுகோலே போதும். சந்திரன் எவ்வாறு வந்தது என்று பிள்ளை கேட்டால், "பெருமோதலால் தோன்றியது என்பதே இன்றுள்ள சான்றுகளுக்கு மிகப் பொருந்தும் விடை, அதிலும் தீராத ஐயம் ஒன்று உண்டு" என்று ஐயத்தையும் சேர்த்தே சொல்வோமாக. அவ்வாறு கேட்டு வளரும் பிள்ளை எதையும் சான்று கேட்டே ஏற்கும்; சான்று மாறினால் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் நாணாது.